பெட்டி கட்டும் முன்: சென்னையிலிருந்து வெளிநாடு கிளம்புகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

நங்கநல்லூரில் எங்கள் மொட்டை மாடியில் நின்றால் விமானத்தின் வயிறு தெரியும். குடியிருப்பில் பாதி வீட்டுப் பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கிறார்கள். அம்மாவை மூன்று முறை அமெரிக்காவுக்கு அனுப்பி வைத்தேன், நானும் நாலைந்து ஊர் போய் வந்தேன். அதனால் யார் கிளம்பினாலும் கதவைத் தட்டுவது என் வீட்டில்தான். படிக்கட்டில் நின்று திரும்பத் திரும்பச் சொன்ன பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன். கட்டணமும் விசா விதியும் மாறக்கூடியவை. பணம் கட்டும் முன் அந்தந்த நாட்டின் அரசுத் தளத்தில் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

முதலில் டிக்கெட் எடுக்க வேண்டுமா, விசா எடுக்க வேண்டுமா?

இரண்டும் இல்லை. பீரோவைத் திறந்து பாஸ்போர்ட்டை எடுத்து, அது எந்தத் தேதி வரை செல்லும் என்று பாருங்கள். சிங்கப்பூர், மலேசியா போன்ற நாடுகளில் நீங்கள் போய் இறங்கும் நாளில் பாஸ்போர்ட்டுக்கு இன்னும் 6 மாத ஆயுள் இருக்க வேண்டும். ஒரே விசாவில் சுற்றக்கூடிய ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகளில் அங்கிருந்து கிளம்பும் நாளுக்குப் பிறகு 3 மாதம் போதும். ஆனால் பாஸ்போர்ட் வாங்கி 10 வருடம் தாண்டியிருக்கக் கூடாது. குறைந்தது இரண்டு வெற்றுப் பக்கம் இருக்கட்டும்.

ஆயுள் போதாது என்றால் உடனே புதுப்பிக்கக் கொடுத்துவிடுங்கள். முடிவதற்கு ஒரு வருடம் முன்பிருந்தே கொடுக்கலாம். பெரியவர்களுக்கு 36 பக்கப் புத்தகம் 1,500 ரூபாய், 60 பக்கம் 2,000 ரூபாய். தட்கால் என்றால் மேலே 2,000. சென்னையில் பாஸ்போர்ட் சேவா கேந்திரங்கள் சாலிகிராமம், அமைந்தகரை, தாம்பரம் ஆகிய இடங்களில் இருக்கின்றன. உங்கள் வீட்டுக்கு எது பக்கமோ அதில் நேரம் வாங்கிக்கொள்ளலாம். அசல் சான்றிதழ்களைக் கையில் எடுத்துப் போங்கள். ஜெராக்ஸ் மட்டும் கொண்டுபோய்த் திரும்பி வந்தவர்கள் எங்கள் குடியிருப்பிலேயே இருவர்.

பாஸ்போர்ட்டில் என் பெயர் ஒற்றை வார்த்தையாக இருக்கிறது. பரவாயில்லையா?

பெட்டி, விசா, பணம் எல்லாவற்றையும் விட நம்மூர்க்காரர்களைப் படுத்துவது பெயர்தான். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். பாஸ்போர்ட் விண்ணப்பமோ இனிஷியலை ஏற்காது, விரித்து எழுதச் சொல்லும். உலகத்தில் பெரும்பாலானவர்களுக்குப் படிவத்தில் இரண்டு கட்டம்: ஒன்றில் சொந்தப் பெயர், மற்றதில் குடும்பப் பெயர். நாம் இரண்டாவது கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டு வந்துவிடுகிறோம்.

காலியாக விட்டால் என்ன ஆகும்? அமெரிக்க விசாவில் உங்கள் பெயர் குடும்பப் பெயர் இடத்துக்குப் போய்விடும். சொந்தப் பெயர் இடத்தில் ‘எஃப்.என்.யு.’ என்று அச்சாகும். முதல் பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம் அது. அங்கே வங்கியிலும் ஆஸ்பத்திரியிலும் உங்களை அந்த மூன்றெழுத்தால் கூப்பிட்டால் கோபப்படாதீர்கள். ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் இன்னும் கண்டிப்பாகிவிட்டது. ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டோடு சுற்றுலா விசாவில் வருகிறவர்களை அனுமதிப்பதில்லை என்று அறிவித்தது. பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் அப்பா பெயர் இருந்தால் ஏற்கலாம் என்று பிறகு தளர்த்தினார்கள். துபாய் டிக்கெட் எடுக்கும் முன் விமான நிறுவனத்திடம் இதைக் கேட்டுவிடுங்கள்.

என் யோசனை இதுதான். புதுப்பிக்கும்போதே அப்பா பெயரையோ கணவர் பெயரையோ குடும்பப் பெயர் இடத்தில் போட்டுவிடுங்கள். இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. ஓட்டலில் உங்களை அப்பா பெயர் சொல்லித்தான் அழைப்பார்கள். நான் முதல் தடவை சிங்கப்பூரில் வரவேற்பு மேசைக்காரர் மூன்று முறை கூப்பிட்டும் திரும்பிப் பார்க்கவில்லை. அப்பா போய்ப் பல வருடம் ஆகிவிட்டது. அவரை யாரோ தேடுகிறார்கள் என்றுதான் ஒரு கணம் தோன்றியது.

ஆதாரில் ஒரு எழுத்து, பாஸ்போர்ட்டில் ஒரு எழுத்து. டிக்கெட்டில் எதைப் போடுவது?

பாஸ்போர்ட்டில் உள்ளதை, எழுத்துப் பிசகாமல். ‘மூர்த்தி’யில் ‘யு’ ஒன்றா, ‘ஓ’ இரண்டா என்பது நமக்கு விஷயமே இல்லை. செக்-இன் கவுன்ட்டரில் அதுதான் விஷயம். டிக்கெட், விசா, இன்சூரன்ஸ், வெளிநாட்டுப் பணம் ஏற்றிக்கொள்ளும் பாரெக்ஸ் கார்டு எல்லாவற்றிலும் ஒரே மாதிரி இருக்கட்டும். பிள்ளை அங்கிருந்து டிக்கெட் எடுத்து அனுப்புகிறார் என்றால் பெயரை போனில் சொல்லாதீர்கள். பாஸ்போர்ட்டின் முதல் பக்கத்தைப் படமெடுத்து அனுப்புங்கள்.

பாஸ்போர்ட்டில் ‘இ.சி.ஆர்.’ என்று இருக்கிறது. சுற்றுலா போக முடியாதா?

போகலாம். ‘குடிபெயர்வுச் சோதனை தேவை’ என்பதன் ஆங்கிலச் சுருக்கம் அது. அந்த முத்திரை குறிப்பிட்ட சில நாடுகளுக்கு வேலைக்குப் போகிறவர்களின் பாதுகாப்புக்காக வந்தது, 1983-ஆம் வருடத்துக் குடிபெயர்வுச் சட்டத்தின்படி. சுற்றுலாவுக்கு விசாவும் திரும்பி வரும் டிக்கெட்டும் கையில் இருந்தால் போதும். பத்தாம் வகுப்புத் தேறிய சான்றிதழ் இருந்தால் அடுத்த முறை புதுப்பிக்கும்போது அதை எடுத்துவிடலாம்.

விசா அலைச்சல் இல்லாமல் எங்கே போகலாம்?

நேபாளம், பூடானுக்கு விசாவே வேண்டாம். வாக்காளர் அட்டை இருந்தால் பாஸ்போர்ட்கூட வேண்டாம். ஆதாரை மட்டும் நம்பிப் போகாதீர்கள். மலேசியா 2023 டிசம்பரிலிருந்து இந்தியர்களுக்கு விசா கேட்பதில்லை, இந்தச் சலுகை 2026 கடைசி வரை. தாய்லாந்தும் 2023 நவம்பரில் விசாவை விலக்கியது. ஆனால் எத்தனை நாள் தங்கலாம் என்பதை இடையில் மாற்றினார்கள், அதனால் பார்த்துவிட்டுப் போங்கள். இலங்கைக்கு இணையத்தில் முன் அனுமதி வாங்க வேண்டும். சிங்கப்பூருக்கு விசா உண்டு. அங்கீகாரம் பெற்ற ஏஜென்ட் மூலம் கொடுத்தால் பெரிய தொல்லை இல்லை.

விசா வேண்டாம் என்றாலும் வருகை அட்டை நிரப்ப வேண்டும். சிங்கப்பூர், மலேசியா, தாய்லாந்து மூன்றிலும் இறங்குவதற்கு முந்தைய 3 நாட்களுக்குள் இணையத்தில் நிரப்புவது. மூன்றுமே இலவசம். பணம் கேட்கிற தளம் எதுவாக இருந்தாலும் அது அரசுத் தளம் இல்லை. தேடும்போது முதலில் வந்து நிற்பது பெரும்பாலும் அந்த மாதிரித் தளம்தான்.

ஐரோப்பாவுக்கு எப்போது விண்ணப்பிக்க வேண்டும்?

பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்து கொடுக்கலாம், கடைசி எல்லை 15 நாள். கோடை விடுமுறைக்கு என்றால் பொங்கல் முடிந்ததும் வேலையை ஆரம்பித்துவிடுங்கள். மார்ச்சில் உட்கார்ந்து ‘நேரமே கிடைக்கவில்லை’ என்று புலம்பினால் நான் ஒன்றும் செய்ய முடியாது. முடிவு வர வழக்கமாக 15 நாள், இழுத்தால் 45 நாள். பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ, அதற்கு மேல் விண்ணப்பம் வாங்கும் விசா மையத்தின் சேவைக் கட்டணம். மறுத்தாலும் பணம் திரும்ப வராது.

பல நாடு சுற்றுவதாக இருந்தால் அதிக நாள் தங்கும் நாட்டின் தூதரகத்தில் கொடுக்க வேண்டும். எல்லாவற்றிலும் சம நாள் என்றால் முதலில் கால் வைக்கும் நாடு. எந்த நாட்டில் நேரம் சீக்கிரம் கிடைக்கிறதோ அங்கே போட்டுவிட்டு வேறெங்கோ போய்ச் சுற்றுகிற வழக்கம் நம்மிடம் இருக்கிறது, வேண்டாம். 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு கட்டாயம். விசா கைக்கு வரும் முன் பணம் திரும்பாத டிக்கெட்டை வாங்காதீர்கள். முன்பதிவுச் சீட்டைக் காட்டினால் போதும்.

வங்கிக் கணக்கில் எத்தனை லட்சம் இருக்க வேண்டும்?

எல்லாரும் ஒரு எண் கேட்கிறார்கள். எல்லாருக்கும் பொருந்துகிற எண் இல்லை. அதிகாரி பார்ப்பது உங்கள் வருமானத்துக்கும் பயணச் செலவுக்கும் பொருத்தம் இருக்கிறதா என்று. மாதா மாதம் சம்பளமோ ஓய்வூதியமோ வந்து விழுந்து, செலவும் ஆகிக்கொண்டிருக்கிற கணக்கு நல்ல கணக்கு. விண்ணப்பத்துக்கு முந்தைய வாரம் மைத்துனர் 5 லட்சம் போட்டு வைத்தால் அது கண்ணை உறுத்தும். அப்படி ஒரு தொகை வந்திருந்தால் நகை விற்றதா, நிலம் விற்றதா, வைப்புநிதி முதிர்ந்ததா என்று ஒரு காகிதம் சேர்த்து வையுங்கள்.

அம்மா அப்பாவுக்கு அமெரிக்க விசா 10 வருடத்துக்குக் கிடைத்துவிட்டது. எத்தனை நாள் தங்கலாம்?

விசாவின் ஆயுள் வேறு, தங்கும் காலம் வேறு. 10 வருடம் என்பது கதவைத் தட்டிக்கொள்ளலாம் என்பதற்கு. இறங்கிய இடத்தில் அதிகாரி எவ்வளவு நாள் தருகிறாரோ அதுதான் கணக்கு. பார்வையாளர்களுக்கு வழக்கமாக 6 மாதம். ‘ஐ-94’ என்ற வருகைப் பதிவை இணையத்தில் எடுத்து அந்தத் தேதியைக் காலண்டரில் வட்டமிடச் சொல்லுங்கள். பேரக் குழந்தை தவழ ஆரம்பித்ததும் தேதி மறந்துவிடும்.

நேர்காணல் அண்ணா மேம்பாலம் பக்கத்திலுள்ள துணைத் தூதரகத்தில். செல்போனை உள்ளே விடமாட்டார்கள். கூட வருகிறவரிடம் கொடுத்துவிட்டுப் போகட்டும். புகைப்படம் 2 அங்குலச் சதுரம், கண்ணாடி கழற்றி எடுக்க வேண்டும். பெரியவர்களுக்கு நான் சொல்வது ஒன்றே ஒன்று: கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லுங்கள். ‘எதற்குப் போகிறீர்கள்’ என்றால் ‘மகளைப் பார்க்க’ என்பது போதும். மருமகன் வாங்கிய வீட்டின் கதையை அதிகாரி கேட்கவில்லை. தமிழில் பேச வேண்டும் என்றால் தயங்காமல் கேட்கலாம்.

இன்சூரன்ஸ் எடுக்கும்போது சர்க்கரை, ரத்த அழுத்தம், பழைய ஆஞ்சியோ எதையும் மறைக்காதீர்கள். ஏற்கெனவே உள்ள நோய்க்கு எந்த அளவு பணம் தருவார்கள் என்ற ஒரு பக்கத்தை மட்டுமாவது படியுங்கள். பெரும்பாலான சண்டை அந்தப் பக்கத்தில்தான் வருகிறது.

பணத்தை எப்படி எடுத்துப் போவது?

கொஞ்சம் நோட்டு, மீதி பாரெக்ஸ் கார்டு, அவசரத்துக்கு ஒரு கிரெடிட் கார்டு. ஒரு பயணத்துக்கு வெளிநாட்டு நோட்டாக 3,000 டாலர் மதிப்பு வரை எடுத்துப் போகலாம். சில நாடுகளுக்கு மட்டும் விலக்கு. நம் ரூபாய் 25,000 வரை கையில் இருக்கலாம், திரும்பி வந்து ஆட்டோவுக்குக் கொடுக்க ஆகும். விமான நிலையத்தில் மாற்றினால் விலை கூடுதல். நகருக்குள் உரிமம் உள்ள கடையில் மாற்றி ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.

உங்கள் வங்கி அட்டையில் வெளிநாட்டுப் பயன்பாடு பெரும்பாலும் அணைத்து வைக்கப்பட்டிருக்கும், 2020-இல் ரிசர்வ் வங்கி கொண்டுவந்த விதி அது. ஆப்பில் போய் இயக்கிவிட்டுக் கிளம்புங்கள். அங்கே கடையில் ‘ரூபாயில் கழிக்கட்டுமா, உள்ளூர்ப் பணத்திலா’ என்று மெஷின் கேட்கும். ரூபாய் என்று பார்த்ததும் பாசத்தில் அதை அழுத்திவிடுவோம். உள்ளூர்ப் பணத்தையே அழுத்துங்கள். ரூபாயில் அவர்கள் போடும் மாற்று விலையில் அவர்கள் லாபமும் சேர்ந்திருக்கும்.

தடுப்பூசி போட வேண்டுமா?

மஞ்சள் காய்ச்சல் உள்ள நாடுகளுக்கு அவசியம்: கென்யா, உகாண்டா, நைஜீரியா, கானா, பிரேசில் மாதிரி. சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டிலும், ராஜாஜி சாலையில் துறைமுக சுகாதார அலுவலகத்திலும் போடுகிறார்கள். நினைத்த நாளில் போக முடியாது, முன்பே நேரம் வாங்க வேண்டும். ஊசி போட்டதற்குச் சான்றாக ஒரு மஞ்சள் அட்டை தருவார்கள். போட்டு 10 நாள் கழித்துத்தான் அது செல்லும், பிறகு ஆயுள் முழுக்கச் செல்லும். அட்டை இல்லாமல் அந்த நாடுகளிலிருந்து திரும்பினால் இங்கே 6 நாள் வரை தனிமையில் வைக்கலாம்.

ஊறுகாய், பொடி, மாத்திரை. எதை எடுத்துப் போகலாம்?

பருப்புப்பொடி, இட்லிப்பொடி, வத்தல், அப்பளம் எல்லாம் போகலாம், ஆனால் பெரிய பெட்டியில். கைப்பையில் மிளகாய்ப்பொடியும் ஊறுகாயும் பாதுகாப்புச் சோதனையில் நின்றுவிடும். நெய், எண்ணெய், தொக்கு எல்லாம் திரவக் கணக்கு, கைப்பையில் ஒரு பாட்டில் 100 மில்லிக்கு மேல் கூடாது. கொப்பரையை எந்தப் பெட்டியிலும் வைக்காதீர்கள். எண்ணெய்ப் பசையால் தானாகச் சூடேறித் தீப்பற்றக்கூடியது என்று அதை ஆபத்தான பொருட்களில் சேர்த்திருக்கிறார்கள்.

கசகசாவை மறக்காமல் விலக்குங்கள். சிங்கப்பூரிலும் அமீரகத்திலும் அது தடைசெய்யப்பட்ட பொருள், போதைச்செடியின் விதை என்பதால். தனியாக எடுத்துப் போக மாட்டோம், சரி. வீட்டில் அரைத்த குருமா மசாலாவில் கசகசா இருக்கிறதே, அதை யார் யோசிக்கிறார்கள்? அரைத்த அத்தையைக் கேட்டுவிட்டுப் பெட்டியில் வையுங்கள்.

அமெரிக்காவுக்குப் பச்சைக் கறிவேப்பிலை, பழம், இறைச்சி கலந்த எதுவும் வேண்டாம். கோழி ஊறுகாயும் அதில் அடக்கம். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பால், இறைச்சிப் பொருட்கள் கூடாது, அதனால் நெய் பாட்டிலும் பால்கோவாவும் வீட்டிலேயே இருக்கட்டும். ஆஸ்திரேலியாவில் உணவு என்று எது இருந்தாலும் படிவத்தில் ‘ஆம்’ என்று குறித்துவிடுங்கள். குறித்துவிட்டால் அதிகபட்சம் பொருள் போகும். மறைத்தால் அபராதம்.

மாத்திரைகளை டாக்டர் சீட்டோடு, கடைக் கவர் பிரிக்காமல், கைப்பையில் வையுங்கள். சீட்டில் மருந்தின் மூலப் பெயர் இருக்கட்டும், நம்மூர் பிராண்டு பெயர் அங்கே யாருக்கும் புரியாது. கோடீன் கலந்த இருமல் மருந்து, டிரமடால் வலி மாத்திரை போன்றவற்றுக்கு அமீரகத்தில் முன் அனுமதி வேண்டும்.

பவர் பேங்க்?

கைப்பையில் மட்டும். 100 வாட்-அவர் வரை கேள்வி கிடையாது. நம் வீட்டில் இருக்கும் 20,000 எம்.ஏ.எச். சுமார் 74 வாட்-அவர்தான் வரும். எண் அழிந்துபோன பழையதை விட்டுவிட்டுப் போங்கள், படிக்க முடியாவிட்டால் பிடுங்கிவிடுவார்கள்.

மகளுக்கு ஒரு மிக்ஸி வாங்கிப் போகலாமா?

அமெரிக்காவுக்கு என்றால் இங்கே வீட்டில் ஓடுகிற மிக்ஸி வேண்டாம். அது 230 வோல்ட்டுக்குச் செய்தது, அங்கே 120. சுற்றும், அரைக்காது. 110 வோல்ட் மாடல் என்று கேட்டு வாங்குங்கள். போன் சார்ஜரில் ‘100-240’ என்று இருக்கும், அது எங்கும் வேலை செய்யும், பின் மட்டும் மாறும். சிங்கப்பூர், மலேசியா, லண்டன், துபாய் எல்லாம் தட்டையான மூன்று பின்.

டிக்கெட்டில் 14-ஆம் தேதி 00.40 என்று இருக்கிறது. எப்போது கிளம்புவது?

13-ஆம் தேதி ராத்திரி. சாப்பிட்டுவிட்டு 9 மணிக்கு வீட்டைவிட்டுப் புறப்பட வேண்டும். சென்னையிலிருந்து நள்ளிரவு தாண்டிக் கிளம்பும் விமானங்கள் நிறைய. நான் இதில் ஏமாந்தவள். 14-ஆம் தேதி சாயங்காலம் நிதானமாகப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தேன், விமானம் அதற்குள் போய்ச் சேர்ந்தே விட்டது. புது டிக்கெட்டுக்குக் கொடுத்த பணத்தை இன்றைக்கும் வீட்டில் சொல்லிக் காட்டுகிறார்கள். ஓட்டல், கார் எல்லாவற்றிலும் இந்த ஒரு நாள் இடிக்கும், சரிபாருங்கள்.

ராகு காலத்தில் கிளம்ப வேண்டியிருக்கிறதே?

பாட்டி வைத்தியம் இருக்கிறது: பரஸ்தானம். நல்ல நேரத்தில் ஒரு பையை எடுத்துப்போய்ப் பக்கத்து வீட்டில் வைத்துவிட்டால் பயணம் தொடங்கிவிட்டதாகக் கணக்கு. அப்புறம் விமானம் சொல்கிற நேரத்துக்குக் கிளம்பலாம். எங்கள் வரவேற்பறையில் இப்படி எத்தனையோ பைகள் காத்திருந்திருக்கின்றன. பாஸ்போர்ட் உள்ள பையை மட்டும் பரஸ்தானம் வைக்காதீர்கள். ஒருவர் மறந்து போய், நான் மீனம்பாக்கத்துக்கு ஸ்கூட்டரில் பறந்தேன்.

விமான நிலையத்துக்கு எத்தனை மணி நேரம் முன்னால்? மெட்ரோவில் போகலாமா?

3 மணி நேரம். பகல் விமானத்துக்கு மெட்ரோ அருமை, நிலையத்திலிருந்து முனையத்துக்கு நடந்தே போகலாம். நடுராத்திரி விமானத்துக்குப் போகும்போது உதவும், விடியற்காலை 2 மணிக்கு வந்து இறங்கினால் ரயில் இருக்காது. ஜி.எஸ்.டி. சாலையில் மழை நாளானால் இன்னும் ஒரு மணி நேரம் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அடிக்கடி போகிறவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. விரைவு இமிகிரேஷன் திட்டம் 2025 ஜனவரியிலிருந்து சென்னையிலும் இருக்கிறது. இணையத்தில் பதிந்து, ஒரு முறை கைரேகையும் முகப்படமும் கொடுத்துவிட்டால் தானியங்கிக் கதவு வழியே போகலாம். கட்டணம் இல்லை.

அம்மா தனியாகப் போகிறாள். இடையில் விமானம் மாற வேண்டும். சமாளிப்பாளா?

வீல்சேர் கேளுங்கள். நன்றாக நடக்கிறவர்தானே என்று கூச்சப்பட வேண்டாம். துபாய், தோஹா மாதிரி இடங்களில் ஒரு வாசலிலிருந்து இன்னொன்றுக்கு நடப்பதே ஒரு கிரிவலம். டிக்கெட் எடுக்கும்போதே சொல்லுங்கள், குறைந்தது 48 மணி நேரம் முன்னால். என் அம்மாவுக்கு ஒரு அட்டையில் மகன் பெயர், முகவரி, போன், சாப்பிடும் மாத்திரை எல்லாம் ஆங்கிலத்தில் எழுதிக் கழுத்தில் மாட்டினேன். ‘பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி’ என்று முறைத்தாள். தோஹாவில் அதைக் காட்டித்தான் காபி வாங்கினாளாம்.

அவளுடைய இந்திய சிம்மில் ரோமிங்கை இங்கேயே இயக்கிவிடுங்கள். டேட்டா வேண்டாம். வங்கி ஓ.டி.பி. வருவதற்காக மட்டும்.

வழியனுப்ப எத்தனை பேர் வரலாம்?

வேன் வைத்துக்கொண்டு வரலாம், யார் தடுத்தார்கள்? ஆனால் டிக்கெட் இல்லாதவர்களுக்கு வாசலோடு சரி. ஒரே ஒரு வேண்டுகோள். இமிகிரேஷன் முடிந்தது என்று உள்ளேயிருந்து போன் வரும்வரை ஒருவராவது வெளியே நில்லுங்கள். கவுன்ட்டரில் எடை கூடுதல் என்று பெட்டியைத் திறக்கச் சொல்லி, அந்த இரண்டு கிலோ வடகத்தை வாங்கிக்கொள்ள வெளியே ஆள் வேண்டும்.